ஒழுகவேண்டிய கூரை

முப்பது வருடமாகக் கூரை போடுவதுதான் என் வேலை. ஜேர்மனியில் வுப்பர்டால் நகரத்தில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமே வராது. மற்ற ஊர்களுக்கு மழை விருந்தாளிபோல வந்து போகிறது. எங்கள் ஊரில் அது நகரசபையில் பதிந்து நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஓடு உடைந்துவிட்டது, மழைநீர்ப் பீலி அடைத்துவிட்டது, புகைக்கூண்டைச் சுற்றிக் கசிகிறது என்று வருடம் முழுவதும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, ஒரு கம்பனியில் ஓடு சுமக்கப் போய், அங்கேயே அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துக் கூரைக்காரனானேன். இப்போதெல்லாம் யாரையாவது பார்க்கப் போனால்கூட முதலில் அவர்கள் வீட்டுக் கூரையைத்தான் பார்ப்பேன். ஆட்களைப் பிறகுதான்.

நாங்கள் இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவந்த முதல் இலையுதிர்காலம். எங்களுடையது மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னலால் பார்த்தால் பின்முற்றம் தெரியும். முதலாம் மாடியில் இருந்த வயதான மனிதர் ஒருவர் அங்கே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், ஒரு கொட்டில் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று பழைய கதவுகள்தான் சுவர். நாலாவது பக்கத்துக்கு ஒரு கட்டில் விரிப்பு. மேலே நாலைந்து மரச்சட்டங்களைப் போட்டு, அவற்றின்மேல் ஊசியிலைக் கொப்புகளைப் பரப்பியிருந்தார். உள்ளே ஒரு மேசை, நாற்காலிகள், கடதாசிச் சோடனை. பேரப்பிள்ளைகள் விளையாடக் கட்டுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. மேசைமேல் சொட்டுச்சொட்டாக விழுவதை ஜன்னலால் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாகனத்திலிருந்த நீலத் தறப்பாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கொட்டிலின் தலையை மூடி, நாலு மூலையும் இழுத்துக் கட்டி, தண்ணீர் ஒரு பக்கமாக வடியும்படி சரிவும் கொடுத்துவிட்டு வந்தேன்.

"நல்ல வேலை செய்தியள். பாவம், வயசு போனவர்" என்றாள் மனைவி.

அடுத்தநாள் காலை கதவு மணி அடித்தது. அவர்தான். என் தறப்பாள் அவர் கையில் சட்டைபோல மடித்தபடி இருந்தது.

"மைஸ்டர், மிக்க நன்றி. அருமையான வேலை. ஒரு சொட்டுக்கூட ஒழுகேல்லை" என்றார். பிறகு கொஞ்சம் சங்கடத்துடன், "ஆனால் எங்களுக்கு ஒழுகோணும்" என்றார்.

அவருடைய ஜேர்மனில்தான் பிழை என்று நினைத்தேன். என்னுடையதும் அப்படியொன்றும் திறமில்லை. "ஒழுகக்கூடாது எண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டேன்.

"இல்லை, இல்லை. ஒழுகோணும்."

நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது எப்போதும் ஜேர்மனில்தான், அவர் ஒரு பக்கத்தால் பிழைவிட, நான் மறுபக்கத்தால் பிழைவிட. எனக்கு ஞாபகம் இருப்பதென்னவோ தமிழில். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

உள்ளே வந்து தேநீர் குடித்தபடி விளக்கினார். அவரும் மனைவியும் யூதர்கள். ஒடெசாவிலிருந்து தொண்ணூறுகளில் வந்தவர்கள். அவர்களுடைய முன்னோர்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்டுப் பாலைவனத்தில் கூடாரமடித்துத் திரிந்ததை நினைத்து, வருடத்தில் ஏழு நாள் இப்படி ஒரு கொட்டிலில் சாப்பிடுவார்கள். கூரை மண்ணில் முளைத்து வெட்டியதாக இருக்கவேண்டும். தகரம், பிளாஸ்டிக், தறப்பாள் ஒன்றும் ஆகாது. பகலில் நிழல் தரவேண்டும், இரவில் இடைவெளியால் நட்சத்திரம் தெரியவேண்டும்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, இது கூடாரத் திருவிழா எல்லோ! பூசையில வாசிக்கிறவை."

நாங்கள் கத்தோலிக்கர். அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் அது எப்போதோ முடிந்துபோன ஒன்று என்றுதான் எண்ணியிருந்தோம். நான் அதை அவருக்கு ஜேர்மனில் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "முடியேல்லை, மைஸ்டர். உங்கட ஜன்னலுக்குக் கீழதான் நடக்குது."

நான் மைஸ்டர் இல்லை, அது தொழிலில் தலைமைப் பட்டம், அதற்கு வேறு பரீட்சை இருக்கிறது என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் கேட்பதாயில்லை. வீட்டில் நாங்கள் அவரைக் கீழ்வீட்டு ஐயா என்போம். ஒடெசாவில் மின்தூக்கிப் பொறியியலாளராக இருந்தவர். மின்தூக்கியே இல்லாத கட்டடத்தில் வந்து குடியிருப்பதை எனக்கு மாதம் ஒருமுறையாவது நினைவூட்டுவார். கீழ்வீட்டு அம்மா பியானோ ஆசிரியை. உயரமில்லை, ஆனால் அவர் ஒரு பார்வை பார்த்தால் ஐயா பாதி வசனத்தில் நிறுத்திவிடுவார். அன்றிலிருந்து ஒவ்வொரு இலையுதிர்காலமும், கூரைகளின்மேல் சாய்ந்த மரக்கொப்புகளை வெட்டும் இடங்களிலிருந்து ஒரு கட்டு நான் அவர்களுக்குக் கொண்டுவந்து போடுவேன். கட்டுவது ஐயாதான்.

பிறகு இந்தக் கடைசி வருடங்கள் வந்தன. முதலில் உக்ரைனில் போர். அம்மாவின் தங்கை இன்னும் ஒடெசாவில் இருக்கிறார்; தொலைபேசி அடித்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். அடுத்தது இஸ்ரேலிலும் காசாவிலும். ஐயா ஒருநாள் படிக்கட்டில் நின்று சொன்னார்: "தொலைக்காட்சியில ரெண்டு போர் ஓடுது, மைஸ்டர். ரெண்டிலயும் எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினம். எந்தச் சானலுக்கு மாத்திறது?"

அவர்கள் வழிபடப் போகும் இடத்துக்கு முன்னால் பொலிஸ் எப்போதும் நிற்கும். இப்போது கூடுதலாக நின்றது. ஐயா யூத நட்சத்திரம் தொங்கிய கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். இவற்றையெல்லாம் நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. நான் கவனித்தது பார்சல்களைத்தான். அவர்களுக்கு வரும் பார்சலெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. ஒருநாள் பார்சல்காரரைப் பிடித்துக் கேட்டேன். "கீழ வந்து பாருங்கோ, பேரில்லாத வீட்டுக்கு நான் என்னெண்டு குடுக்கிறது?" என்றார். போய்ப் பார்த்தேன். மணிப் பலகையில் எங்கள் நீளமான பெயர் இடம்போதாமல் பாதியில் வெட்டுப்பட்டு இருந்தது. அவர்களுடைய பெயர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கடதாசி.

பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டு, "உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார். அவ்வளவுதான்.

போன இலையுதிர்காலத்தில் ஐயாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. ஊன்றுகோல் இரண்டோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த சில நாட்களில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனபோது சமையலறையில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள்.

"மைஸ்டர், இந்த முறை நீங்கள்தான் கட்டோணும்" என்றார் ஐயா.

"இந்த முறை ஒண்டும் கட்டத் தேவையில்லை" என்றார் அம்மா. "கோயில் வளவுக்குள்ள பெரிசா ஒண்டு கட்டுவினம். மதில் இருக்கு, வாசலில பொலிஸ் இருக்கு. அங்க போய்ச் சாப்பிடுவம்."

கோயில் என்று அவர் சொல்லவில்லை, தங்கள் தொழுகைக்கூடத்தைச் சொன்னார். எனக்கு அப்படித்தான் கேட்கும்.

"அங்க போக எனக்கு ஏலாது, இடுப்பு. அதோட பொலிசுக்குப் பின்னால இருந்து சாப்பிட்டால் எனக்குச் செமிக்காது. ஒடெசாவில என்ர அப்பா சமையலறைத் திரைக்குப் பின்னால ஒளிச்சுத்தான் செபம், திருநாள் எல்லாம் செய்தவர். ஒளிக்கிறதுக்கெண்டு நான் ஜேர்மனிக்கு வரேல்லை."

"நீங்கள் ஜேர்மனிக்கு வந்தது என்ர அண்ணர் இஞ்ச இருந்ததால" என்றார் அம்மா.

நான், பல்கனியில் சின்னதாக ஒன்று கட்டினால் என்ன என்று கேட்டேன். ஐயா ஊன்றுகோலால் மேலே காட்டினார். அவர்களுடைய பல்கனிக்கு மேல் இரண்டாம் மாடிப் பல்கனி. மேலே வானம் இருக்கவேண்டும், இன்னொருவரின் பூச்சட்டி இருக்கக்கூடாது.

கடைசியில் அம்மாதான் விட்டுக்கொடுத்தார். ஆனால் நிபந்தனைகள் இருந்தன. தெருப்பக்கத்தால் தெரியக்கூடாது. வெளிச்சம் குறைவாக இருக்கவேண்டும். பாட்டு கிடையாது. ஐயா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டிய வேகத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டினேன். ஐயா ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். எனக்குக் கை தன்பாட்டில் கூரையை நெருக்கமாக வேய்ந்துகொண்டு போகும், மேலிருந்து குரல் வரும்: "மைஸ்டர், திறமாச் செய்யிறியள்! கொஞ்சம் மோசமாச் செய்யுங்கோ!" வாழ்க்கையில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கொப்புகளை விலக்கினேன், இன்னும் விலக்கினேன். கடைசிக் கொப்பைத் தானே வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். நான் இடுப்பைத் தாங்கிப் பிடிக்க, ஊன்றுகோலின் நுனியால் அந்தக் கொப்பை மேலே தள்ளி வைத்தார். கோணலாகத்தான் விழுந்தது. அவருக்கு அது வடிவாக இருந்ததாம்.

முதல் பின்னேரம் எங்களையும் கூப்பிட்டார்கள். ஒரு கரண்டி சூப் வாயில் வைத்திருப்போம், தூறத் தொடங்கியது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர், சூப் கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால்தான் எழும்பலாம், சட்டம் அப்படி என்றார். நாலு பேரும் சூப்பைக் கையால் மூடியபடி குனிந்து குடித்தோம். அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

இரண்டாவது பின்னேரம் வானம் வெளித்திருந்தது. மனைவி பாடசாலைச் சமையலறையில் வேலை முடிந்து நேரே கொட்டிலுக்கு வந்திருந்தாள். கொப்புகளுக்கிடையே ஒரேயொரு நட்சத்திரம். ஐயா அதைத் தேடிப்பிடித்து எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, முற்றத்துக்கு அப்பாலுள்ள பின்கட்டடத்தின் ஜன்னல் ஒன்றிலிருந்து ஓர் ஆண்குரல் கத்தியது. யூதர்களைப் பற்றி இரண்டு வசனம். அதைத் தமிழில் எழுத எனக்கு மனமில்லை. அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கரண்டியிலிருந்து சூப் மேசையில் வடிந்தது. "உள்ள போவம்" என்றார், மிக மெதுவாக.

ஐயா அசையவில்லை. நான் எழுந்தேன், என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் என் மனைவி விரிப்பை விலக்கிக்கொண்டு முற்றத்தின் நடுவே போய் நின்றுவிட்டாள். அறுநூறு பிள்ளைகள் சாப்பிடும் மண்டபத்தில் கத்திப் பழகிய குரல் அது.

"ஹலோ! ஆர் அது கத்துறது?" என்றாள் ஜேர்மனில். "இது வீடு, சந்தை இல்லை! ஹவுஸ்ஓர்ட்னுங் தெரியாதோ? இப்படிக் கத்த இஞ்ச அனுமதியில்லை! உங்கட பேரைச் சொல்லுங்கோ, நாளைக்குக் காலமை நிர்வாகத்துக்கு அறிவிக்கிறன்!"

இந்த நாட்டில் ஹவுஸ்ஓர்ட்னுங், அதாவது குடியிருப்பு விதிகள், என்ற சொல்லுக்கு இருக்கும் வலு வேறெதற்கும் இல்லை. எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வெளிச்சம் வந்தது. அங்கே தனியாக இருக்கும் ஜேர்மன் பெண்மணி தலையை நீட்டினார். படிக்கட்டில் சப்பாத்து வைத்தால், குப்பையை மாறிப் போட்டால், கதவை அடித்துச் சாத்தினால் எல்லாவற்றுக்கும் முறைப்பாடு எழுதுபவர். எங்களுக்கு அவரைக் கண்டாலே பயம்.

"நானும் கேட்டனான்!" என்று கத்தினார் அவர். "பின்கட்டடத்தில இருந்துதான்! அசிங்கமான பேச்சு! வெட்கமில்லையோ?"

எங்கேயோ ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. முற்றம் அமைதியானது. மனைவி திரும்பி வந்து உட்கார்ந்து, "சூப் ஆறிப்போச்சு" என்றாள்.

அடுத்தநாள் கீழ்வாசலில் இரண்டாம் மாடிப் பெண்மணியின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பின்கட்டடத்தில் ஒருவர் அருவருப்பான வார்த்தைகளைக் கத்தியதை இங்கு குடியிருப்போர் சகித்துக்கொள்ள மாட்டார்கள் என்று முதல் பந்தி. கொட்டிலின் இடதுபக்கக் கதவு சைக்கிள் பாதையை மறிக்கிறது, உடனே நகர்த்தவும் என்று இரண்டாம் பந்தி. இரண்டும் ஒரே கோபத்தில் எழுதப்பட்டிருந்தன. நான் கதவை ஒரு முழம் நகர்த்திவிட்டேன்.

பொலிசுக்கு அறிவிக்க வேண்டாம் என்றார் அம்மா. அறிவித்தே தீருவேன் என்றார் ஐயா, அறிவித்தார். மத்தியானம் ஒரு இளம் பொலிஸ் பெண் வந்தாள். பணிவாகக் கேட்டு எழுதினாள். இது என்ன கட்டடம் என்று கேட்டதுதான் தாமதம், ஐயா மோசேயிலிருந்து தொடங்கிவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"கூரையெல்லாம் ஓட்டையா இருக்கே?"

ஐயா என்னைப் பார்த்தார். "ஒழுகோணும்" என்றேன் நான், ஒரு கூரைக்காரனின் முழு அதிகாரத்தோடு.

சீருடையைக் கண்டால் என் கை இன்னும் தானாகச் சட்டைப்பைக்குள் போகும். ஊரில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் உடம்பிலிருந்து போவதில்லை. இந்தப் பெண் ஐயாவுக்குக் கைகொடுத்து, ஏதாவதென்றால் உடனே அழையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனபோது, எனக்கு நன்றாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. பல வாரம் கழித்து, கத்தியவர் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. இன்றுவரை தெரியாது. பின்கட்டடத்துக்காரர் எல்லோரும் வழக்கம்போல வணக்கம் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான்.

அன்று பின்னேரம் அம்மா கொட்டிலுக்கு இறங்கி வரவில்லை. ஐயா மட்டும் தனியாக உட்கார்ந்து பாணும் மீனும் சாப்பிட்டார். நான் துணைக்கு இருந்தேன். மறுநாளும் வரவில்லை. மனைவிக்குப் பொறுக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். அம்மா பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், மூடியைத் திறக்காமல்.

மனைவி சுற்றிவளைக்கத் தெரியாதவள். "நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "எனக்குப் பன்னிரண்டு வயசில சண்டைக்குப் பயந்து ஓடி, நாங்கள் மடுக் கோயில் வளவில தறப்பாள் கொட்டிலில இருந்தனாங்கள். மாதக் கணக்கா. மழை வந்தால் நித்திரை இல்லை. அதுக்குப் பிறகு இவர் சுற்றுலாவுக்குக் கூடாரம் வாங்குவம் எண்டு கேட்டாலும் நான் விடமாட்டன். நீங்கள் ஏன் தப்பி வந்த பிறகும் ஒவ்வொரு வருசமும் போய் அதுக்குள்ள இருக்கிறியள்?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "முப்பது வருசமா நானும் அவரிட்ட அதைத்தான் கேக்கிறன்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. நான் வாசலில் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். பிறகு அம்மா சொன்னார்: "அவன் கத்தினது கூடப் பரவாயில்லை. கத்தினவுடன நான் முதலில நினைச்சது, நான் சொன்னது சரியாப் போச்சு எண்டுதான். அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. இப்பிடிச் சரியா இருக்க எனக்கு விருப்பமில்லை."

என் மனைவி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள். அடுத்த பின்னேரம் அம்மா பெரிய பானையோடு இறங்கி வந்தார். இரண்டாம் மாடிப் பெண்மணியையும் கூப்பிட்டிருந்தார். அவர் தன் சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, பாதையை மறிக்காத இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்து, சூப்பில் உப்புக் குறைவு என்றார். ஐயா பாட்டுக் கிடையாது என்ற நிபந்தனையை அன்றைக்கு மீறினார். அம்மா பார்த்த பார்வையில் இரண்டாவது அடியோடு நிறுத்தினார். பிறகு அம்மாவே மூன்றாவது அடியை எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் என் மனைவியின் கண் ஒரு பழத்தின்மேல் இருந்தது. ஐயா காலையில் ஒரு குருத்தோலையையும் வேறு இரண்டு வகை இலைக்கொத்துகளையும் ஒரு மஞ்சள் பழத்தோடு சேர்த்துப் பிடித்து, நாலு திசைக்கும் ஆட்டிச் செபிப்பார். அந்தப் பழம் தூரதேசத்திலிருந்து பஞ்சுப் பெட்டியில் வருவது. நுனிக் காம்பு முறிந்தால் பழம் பழுதாம். பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். குருத்தோலை எங்களுக்குப் புதிதில்லை. பழத்தை மனைவி மோந்து பார்த்துவிட்டு, என் காதில் சொன்னாள்: "இஞ்சருங்கோ, இது நாரத்தங்காய். ஊறுகாய்க்குச் சொல்லி வேலையில்லை."

"வாயை மூடு" என்றேன்.

திருநாள் முடிந்து நான் கொட்டிலைப் பிரித்த அன்று அவள் வாயை மூடவில்லை. பழத்தை இனி என்ன செய்வீர்கள் என்று நேரே கேட்டுவிட்டாள். சிலர் ஜாம் செய்வார்கள், நாங்கள் அலுமாரியில் வைத்து மணக்க விடுவோம் என்றார் அம்மா. அலுமாரியா! அந்தச் சொல்லை மனைவியால் தாங்க முடியவில்லை. ஐயா பெட்டியோடு பழத்தை அவளிடம் நீட்டினார். கொடுத்த பிறகும் கண் அதன்மேலேயே இருந்தது.

வெட்டி, உப்பிட்டு, வெயிலில் வைக்கவேண்டும். வுப்பர்டாலில் கார்த்திகை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? போத்தலை வரவேற்பறை ஹீட்டருக்குமேல் வைத்து ஒவ்வொரு நாளும் குலுக்கினாள். வீடு முழுக்க வாசம். செத்தல்மிளகாய்த் தூளும் வெந்தயமும் போட்டு, எண்ணெய் ஊற்றி, டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் கீழே கொண்டுபோனோம்.

ஐயா ஒரு துண்டை அப்படியே வாயில் போட்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நெற்றி வியர்த்தது. ஊன்றுகோலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். மேசையில் இன்னொரு துண்டுக்குக் கை நீண்டது. அம்மா அவ்வளவு துணியவில்லை. கறுத்தப் பாணில் புளிப்புக் கிறீமைத் தடிப்பாகப் பூசி, அதன்மேல் நகத்தளவு ஊறுகாய் வைத்து, கொறித்துப் பார்த்தார். பிறகு நகத்தளவு இரண்டு மடங்காகியது.

"திருநாளுக்கு ஒரு பழம்தானே வாங்கிறியள்" என்றார் ஐயாவிடம், போத்தலை இறுக்கி மூடித் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டே. "அடுத்த வருசம் ரெண்டாச் சொல்லி வையுங்கோ. ஒண்டு உங்களுக்குச் செபிக்க. மற்றது எனக்கு."